அந்த ‘மட்டும்’

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, மகளின் ஏழாவது பிறந்தநாளுக்குக் கனடாவில் இருக்கும் அண்ணா காசு அனுப்பினார். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கடையில் வெள்ளைக் குள்ளமுயல் ஒன்று வாங்கினோம். பெண். பெயர் சீனி. இரண்டு மாதக் குட்டியாக வந்தபோது பஞ்சுபோல மடியில் கிடந்தது. இப்போது ஐந்து மாதம். கூட்டுக்குள் கைவைத்தால் உறுமுகிறது, முன்னங்காலால் அடிக்கிறது. போன கிழமை மகளின் விரலைக் கடித்து இரத்தம் வந்துவிட்டது. நாங்கள் அதற்கு ஒரு துன்பமும் செய்வதில்லை. கரட், பாண், பிஸ்கட் எல்லாம் கொடுக்கிறோம். வெளியில் எடுப்பதும் குறைவு. மாலையில் அண்ணா வீடியோவில் வரும்போது மட்டும் தூக்கிக் காட்டுவோம். குள்ளமுயல்கள் எல்லாம் இப்படிக் கோபக்காரர்களா? அதே நிறத்தில் சாதுவான ஒன்று கடையில் இருக்கிறது. மகள் பள்ளிக்கூடம் போன நேரம் மாற்றிவிட்டால் அவளுக்கும் தெரியாது, அண்ணாவுக்கும் தெரியாது என்று இவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?
— ஒரு தாய், கொக்குவில்

பதில்:

தங்கச்சி, முயல் கடிக்கிறது என்று எனக்கு வருகிற கடிதங்களை எண்ணுவதை விட்டு நாளாகிவிட்டது. பிறந்தநாள், வெளிநாட்டுக் காசு, பஞ்சுபோன்ற குட்டி, நாலாம் ஐந்தாம் மாதத்தில் கடி. வரிசை மாறுவதில்லை. ஆகவே கடியைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது ஒரேயொரு வசனத்தை. ‘அண்ணா வீடியோவில் வரும்போது மட்டும் தூக்கிக் காட்டுவோம்.’

அந்த ‘மட்டும்’ எத்தனை தடவை? அண்ணா நாள்தோறும் வருகிறவர் என்றால் மூன்று மாதத்தில் 90 தடவை. கூட்டுக் கதவு திறக்கிறது. மேலிருந்து ஒரு கை இறங்குகிறது. வயிற்றடியில் பிடித்து இழுக்கிறது. கால் நிலத்தைவிட்டு எழும்புகிறது. முகத்துக்கு முன்னால் வெளிச்சம், சத்தம், சிரிப்பு. பிறகு திரும்பவும் கூட்டுக்குள். சீனிக்கு மனிதக் கை என்றால் இது ஒன்றுதான். தடவுகிற கை வேறு, தூக்குகிற கை வேறு என்று அது பிரித்தறிய வேண்டுமானால், யாராவது ஒரு நாளாவது அதைத் தடவியிருக்க வேண்டுமே.

கோழி வளர்த்த வீட்டில் பிறந்திருப்பீர்கள். பருந்தின் நிழல் முற்றத்தில் விழுந்ததும் தாய்க்கோழி ஒரு சத்தம் போடும்; குஞ்சுகள் இருந்த இடம் தெரியாது. முயலின் உடம்பு முழுவதும் அந்த நிழலுக்குத் தப்புவதற்காகவே அமைந்தது. கண்கள் தலையின் இரண்டு பக்கத்திலும் இருக்கின்றன. பின்னாலும் தெரியும், மேலேயும் தெரியும். மூக்குக்கு நேர் முன்னால் உள்ள சின்ன இடம்தான் தெரியாது. பிள்ளைகள் விரலை நீட்டுவதும் அந்த இடத்தில்தான், கடி வாங்குவதும் அங்கேதான். முயலைப் பிடித்து நிலத்திலிருந்து தூக்குகிறவர்கள் காட்டில் பருந்தும் நரியும். கொக்குவிலில் உங்கள் குடும்பம்.

தூக்கினால் அது உதைக்கும். பின்னங்கால் பலமானது, எலும்போ மெலிந்தது. பூனையின் எடையில் ஏறத்தாழ 13 சதவீதம் எலும்பு. முயலின் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம்தான். சரியாகப் பிடிக்காதவர் கையில் முயல் உதைத்து உதைத்தே தன் முதுகெலும்பை முறித்துக்கொள்வது உண்டு. மகளுக்கு விரலோடு போயிற்று. சீனி பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு நிலத்தில் ஊர்ந்தால் அதையும் அண்ணாவுக்குக் காட்டுவீர்களா?

இன்னொன்றும் செய்திருப்பீர்கள் என்று எனக்குச் சந்தேகம். கைக்குழந்தைபோல மல்லாத்திப் பிடித்து, ‘பாருங்கள் அண்ணா, எவ்வளவு சாது’ என்று காட்டியிருப்பீர்கள். மல்லாத்தினால் முயல் அசையாமல் கிடக்கும். அகப்பட்டுவிட்டோம், இனிச் செத்ததுபோலக் கிடப்போம் என்று அதன் உடம்பு எடுக்கிற கடைசி முடிவு அது. மடியில் பஞ்சுபோலக் கிடந்த இரண்டு மாதக் குட்டியிலும் பாதி இந்தப் பயம்தான் இருந்திருக்கும்.

குள்ளமுயல்கள் எல்லாம் கோபக்காரர்களா என்று கேட்கிறீர்கள். பயந்தவர்கள் என்று சொல்லுங்கள், பாதி ஒத்துக்கொள்கிறேன். இந்தச் சாதி நெதர்லாந்தில் உண்டானது. போலிஷ் என்று அழைக்கப்படும் சின்ன வெள்ளை முயலை, அங்குள்ள சிறிய காட்டுமுயல்களோடு சேர்த்து உருவத்தைக் குறுக்கினார்கள். 1940இல் அந்த நாட்டில் தனிச் சாதியாக ஏற்றுக்கொண்டார்கள், அமெரிக்காவில் 1969இல். உருவம் குறுகியதே தவிர, காட்டின் படபடப்பு குறையவில்லை. ஆரம்பகாலக் குள்ளமுயல்கள் வீட்டில் வைத்திருக்க முடியாத அளவுக்குப் பயந்தவை, கடிப்பவை. பிறகு தலைமுறை தலைமுறையாகச் சாதுவானவற்றைப் பார்த்துப் பெருக்கித்தான் இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். இன்றும் பெரிய சாதி முயல்களே நிதானமானவை. வளர்ந்தாலும் ஒரு கிலோவைத் தாண்டத் தயங்குகிற உடம்புக்கு மாவிலை விழுந்தாலும் துள்ளத்தான் தோன்றும். (நீங்கள் வாங்கியது குள்ளம்தானா என்று ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். குட்டியாக இருக்கும்போது எல்லா முயலும் குள்ளம்தான்.)

மற்றப் பாதி வயது. குள்ளச் சாதிகள் மூன்றரை, நாலு மாதத்திலேயே பருவமடைந்துவிடும். அதோடு பெண்முயல் தன் இடத்தைக் காவல் காக்கத் தொடங்கும். நம் பற்றைகளில் ஓடுகிற முயல் வேறு இனம். அது வளை தோண்டாது, அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் வெளியிலேயே பிறக்கும். கடையில் விற்கிற முயலின் முன்னோர் ஐரோப்பாவில் மண்ணைக் குடைந்து கூட்டமாகக் குடியிருந்தவர்கள். அங்கே வளை தோண்டுவது பெரும்பாலும் பெண்தான், குட்டிக்காக அதைக் காப்பதும் அவள்தான். அந்தக் கூடு சீனிக்கு அந்த வளை. உங்கள் மகள் பதின்மூன்று வயதில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் அவளையும் கடையில் கொடுத்துச் சாதுவான ஒன்றாக மாற்றி வருவீர்களா?

இனி உங்கள் வீட்டுக்காரரின் யோசனைக்கு வருகிறேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடித்த முயலையே இல்லையென்று சொல்லப்போகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன். அவளுக்குத் தெரியாது என்கிறாரே, அந்த வீட்டில் முயலை முயலாகப் பார்க்கிற ஒரே ஆள் அவள்தான். எந்தக் காதை முதலில் திருப்பும், எந்த மூலையில் மூத்திரம் பெய்யும் என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தால் வந்து கூட்டைப் பார்ப்பாள். ஒன்றும் கேட்கவும் மாட்டாள். பிடிக்காதது செய்தால் இந்த வீட்டில் மாற்றிவிடுவார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொள்வாள். கடையில் இருக்கிற சாதுவும் மூன்று மாதத்தில் ஐந்து மாதப் பெண்முயல்தான். அப்போது மூன்றாவதா? நன்றாக வைத்திருந்தால் ஒரு முயல் எட்டு, பத்து வருடம் இருக்கும். மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற காலம் வரைக்கும். வாங்கும்போது இதை யாரும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. இப்போது உயிர் வீட்டுக்குள் வந்துவிட்டது. வந்த உயிரைத் திருப்பி அனுப்புகிற வீடுகளை எனக்குப் பிடிக்காது. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. மகளையும் இப்படித்தான் காட்டுகிறீர்களா? ‘மாமாவுக்குத் தேவாரம் பாடிக் காட்டு, மாமாவுக்கு ரியூஷனில் எடுத்த மார்க்கைச் சொல்லு.’

நான் செய்திருக்கிறேன். 1990களில் வீடியோ ஏது? என் தம்பி இலண்டனிலிருந்து காசு அனுப்பினான். அதில் என் மகனுக்கு ஒரு கழுத்துப் பட்டி வைத்த சட்டை தைத்தோம். சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற படம் தம்பிக்குப் போகவேண்டும் அல்லவா? ஸ்ரூடியோவுக்குச் சைக்கிளில் கொண்டுபோனேன். கழுத்து குத்துகிறது என்று பிள்ளை அழுதான். ‘மாமா காசு அனுப்பினவர், சிரி’ என்றேன். சிரித்தான். அந்தப் படம் தம்பியின் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. வந்தவர்கள் எல்லாம் நல்ல படம் என்பார்களாம். மகனும் இப்போது வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எடுப்பான். கமராவை மட்டும் திறக்கமாட்டான்.

அண்ணாவைக் குறை சொல்ல வரவில்லை. தங்கையின் பிள்ளைக்குச் செய்வது அவர் கடமை, செய்கிறார். ஆனால் அவர் அனுப்பியது பிறந்தநாள் காசு. நாள்தோறும் மாலையில் உயிருள்ள பற்றுச்சீட்டைத் தூக்கிக் காட்டவேண்டும் என்று அவர் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது நீங்கள். அதோடு நேரத்தையும் பாருங்கள். ரொறன்ரோவில் விடிந்து அவர் வேலைக்கு வெளிக்கிடும்போது இங்கே பொழுதுசாயும். முயல் தானாக எழும்பித் திரிவதும் விடியலிலும் பொழுதுசாயும் நேரத்திலும்தான். அதன் நாளில் நல்ல நேரத்தைப் பார்த்து அதைப் பிடித்துத் தூக்குகிறீர்கள்.

இன்றிலிருந்து தூக்குவது இல்லை. வைத்தியரிடம் கொண்டுபோகவேண்டி வந்தால் மார்புக்கடியில் ஒரு கை, பின்பக்கத்தைத் தாங்கி ஒரு கை, உடம்போடு அணைத்து, பெரியவர் ஒருவர். காதில் பிடித்துத் தூக்குகிறவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். கூட்டுக்குள் ஒரு மட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, நுழைய ஒரு வாசல், தப்ப ஒரு வாசல் வெட்டிவையுங்கள். அதற்குள் யாருடைய கையும் போகக்கூடாது. கூடு துப்புரவு செய்வது சீனி வெளியில் நிற்கும்போதுதான். மாலையில் அறைக் கதவைச் சாத்தி, மின்வயர்களை எடுத்துக் கட்டிவிட்டு, கூட்டைத் திறந்துவிட்டு, மகளும் நீங்களும் நிலத்தில் பாயைப் போட்டு இருங்கள். கூப்பிடக்கூடாது, கை நீட்டக்கூடாது. மகள் கதைப்புத்தகம் வாசிக்கட்டும். நாலாம் நாளோ பதினாலாம் நாளோ அது வந்து உங்கள் காலை மணக்கும், நாடியைத் தேய்த்துவிட்டுப் போகும். நாடியின் கீழ் மணச் சுரப்பி உண்டு. தேய்த்தால் ‘இது என்னுடையது’ என்று அர்த்தம். அதற்குப் பிறகு நெற்றியைத் தடவலாம். பல்லை மெதுவாக நறநறவென்று அரைத்தால் சுகமாக இருக்கிறது. பின்னங்காலால் நிலத்தில் அடித்தால் பயந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். வெறும் வெளியில் துள்ளி நடுவானில் உடம்பை முறுக்கினால் மகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்; அது சந்தோஷம்.

பாணும் பிஸ்கட்டும் நிறுத்தவேண்டும். கரட் இனிப்பு, எப்போதாவது ஒரு துண்டு. முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அதைத் தேய்ப்பதும் குடலை ஓடவைப்பதும் புல். மருந்து தெளிக்காத அறுகம்புல் வளவில் கிடைக்கும். கூடு நிறையப் போடுங்கள். அரை நாள் ஒன்றும் தின்னாமல் ஒடுங்கியிருந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கவேண்டாம், அன்றே மிருக வைத்தியர். கூட்டைத் தகரக் கூரையின் கீழ் வைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை விடும்; 30 பாகைக்கு மேல் போனாலே அதற்கு ஆபத்து, நம் சித்திரை வெயில் தெரியும்தானே. கிடுகு நிழலும் காற்றும் வேண்டும்.

முயலுக்குச் சத்திரசிகிச்சை செய்து பழகிய வைத்தியர் கிடைத்தால் கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிடுவது நல்லது. உறுமல் பெருமளவு அடங்கும். வயதான பெண்முயல்களுக்கு அடிக்கடி வருகிற கருப்பைப் புற்றுநோயும் வராது. துணை வேண்டும் என்று ஆண்முயல் ஒன்றை அதற்கு முன் வாங்கிவிடாதீர்கள். 31 நாளில் குட்டிகள் இருக்கும், அடுத்த கடிதம் எனக்கு வரும்.

நாளை மாலை அண்ணா எடுக்கும்போது கைத்தொலைபேசியை நிலத்தில் ஒரு செம்பில் சாய்த்து வையுங்கள். கடித்ததையும் ஏன் கடித்தது என்பதையும் நீங்களே சொல்லுங்கள், மகளின் முன்னாலேயே சொல்லுங்கள். முதல் நாள் அவருக்குத் தெரியப்போவது சீமெந்து நிலமும் உங்கள் கால் பெருவிரலும்தான். சீனி வரும்போது வரட்டும். வேலைக்கு நேரமாகிறது என்று அவர் வைத்துவிட்டால் வைக்கட்டும். நீங்கள் பாயைவிட்டு எழும்பவேண்டாம்.