எந்த ஐபியை மாற்றப் போகிறீர்கள்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் நான்கு அறைகளுடன் ஹோம்ஸ்டே நடத்துகிறேன். ஃபைபர் இணைப்பு உண்டு. கீழே உள்ள காட்டேஜுக்கு சிக்னல் எட்டாததால் அங்கே இன்னொரு ரவுட்டர் வைத்து கேபிள் இழுத்திருக்கிறேன். மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்தாலே லேப்டாப்பில் ‘ஐபி முகவரி மோதல்’ என்று வருகிறது, பிரிண்டரும் கிடைப்பதில்லை. இதோடு, ஒரு புக்கிங் தளம் ‘உங்கள் ஐபி தடுக்கப்பட்டுள்ளது’ என்று காட்டுகிறது. கம்ப்யூட்டரிலும் போனிலும் ஐபியை எப்படி மாற்றுவது?

பதில்: ஐபி முகவரி என்பது வலையமைப்பில் ஒரு கருவியையோ இணைப்பையோ அடையாளம் காட்டும் எண். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். லேப்டாப்பில் மோதுவது வீட்டுக்குள் ரவுட்டர் கொடுக்கும் உள் முகவரி. பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். புக்கிங் தளம் தடுத்திருப்பது இணைய நிறுவனம் உங்கள் இணைப்புக்குக் கொடுத்திருக்கும் வெளி முகவரி. லேப்டாப்பின் உள் முகவரியை நூறு தடவை மாற்றினாலும் வெளியே இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. இது புரியாமல்தான் பலர் மணிக்கணக்கில் செட்டிங்ஸைத் திருகிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் மோதலைப் பார்ப்போம். கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். ஒரு வீட்டில் அந்த வேலையை ஒருவர்தான் பார்க்க வேண்டும். காட்டேஜ் ரவுட்டரிலும் டிஎச்சிபி ஓடிக்கொண்டிருந்தால், வருகைப் பதிவேடு இரண்டாகிவிடும். ஒருவர் யாருக்கு எந்த எண்ணைக் கொடுத்தார் என்பது மற்றவருக்குத் தெரியாது. கரண்ட் வந்ததும் எது முதலில் விழித்துக்கொள்கிறதோ அது எண்களை வழங்க ஆரம்பிக்கும். இரண்டும் ஒரே வரிசையிலிருந்து வழங்கினால் ஒரே எண் இரண்டு கருவிகளுக்குப் போய்விடும். மற்ற நாட்களில் ஒழுங்காக ஓடியது கரண்ட் கட்டுக்குப் பிறகு மட்டும் தகராறு செய்வது இதனால்தான். இரண்டு ரவுட்டருமே 192.168.1.1 என்ற முகவரியில் இருந்தால் இன்னும் மோசம். வைஃபை முழுசாகக் காட்டும், நெட் மட்டும் வராது.

இதைச் சரிசெய்ய, காட்டேஜ் ரவுட்டரை மெயின் ரவுட்டரிலிருந்து (ஃபைபர் இணைப்பு வரும் முதல் ரவுட்டர்) கழற்றி, லேப்டாப்பை கேபிளால் நேரடியாக அதில் இணையுங்கள். பிரவுசரில் அதன் முகவரியை அடித்து உள்ளே போய், முதலில் அதன் லேன் முகவரியை, அதாவது வீட்டு வலையமைப்புக்குள் அதன் சொந்த எண்ணை, 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். பிறகு புதிய முகவரியில் மறுபடி உள்ளே போய் டிஎச்சிபியை அணையுங்கள். வரிசையை மாற்றிவிடாதீர்கள். டிஎச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் லேப்டாப்புக்கு எண் கொடுக்க ஆள் இருக்காது. அது தானாக 169.254 என்று தொடங்கும் எண்ணைப் போட்டுக்கொள்ளும், ரவுட்டர் பக்கம் திறக்காது. அப்படி மாட்டிக்கொண்டால் லேப்டாப்புக்கு 192.168.1.50 என்று கையால் கொடுத்து நுழையலாம். முடிந்ததும் மெயின் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை காட்டேஜ் ரவுட்டரின் லேன் துளையில் செருகுங்கள். வேறு நிறத்தில் தனியாக இருக்கும் வேன் (WAN, வெளி இணையம் வரும்) துளையில் செருகக்கூடாது. அதில் செருகினால் காட்டேஜ் தனி வலையமைப்பாகப் பிரிந்துவிடும், அங்கிருந்து பிரிண்டர் தெரியாது. உங்கள் ரவுட்டரில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ (வைஃபையை மட்டும் பரப்பும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும், மேற்சொன்னவற்றை அது பார்த்துக்கொள்ளும். அப்போது எந்தத் துளையில் செருகுவது என்பதை மட்டும் அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பிரிண்டர். யாரோ அதற்கு 192.168.1.5 என்பது போல ஓர் எண்ணைக் கையால் போட்டிருக்கலாம். பிரிண்டர் அணைந்திருக்கும் நேரத்தில் அந்த எண் காலியாக இருக்கிறது என்று நினைத்து ரவுட்டர் அதை ஒரு விருந்தினரின் போனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். மெயின் ரவுட்டரில் டிஎச்சிபி வரம்பை 192.168.1.100 முதல் 200 வரை என்று வையுங்கள். அறைக்கு 3 பேர், ஆளுக்கு 2 கருவி என்றாலும் 24தான் ஆகிறது, 101 எண்கள் தாராளம். பிரிண்டரையும் கேமரா பெட்டியையும் அவற்றின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) வைத்து, எப்போதும் ஒரே ஐபி கிடைக்கும்படி ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ பகுதியில் பதிந்துவிடுங்கள். சில ரவுட்டர்கள் வரம்புக்குள் இருக்கும் எண்ணை மட்டுமே ஏற்கும். அப்போது 190, 191 என்று கடைசிப் பக்கத்து எண்களைக் கொடுங்கள்.

என் அபிப்பிராயத்தில், ஒவ்வொரு கருவியிலும் போய்க் கையால் எண் போடுவதைவிட ரவுட்டரில் ரிசர்வ் செய்வதுதான் நல்லது. எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், ஆள் மாறினாலும் குழப்பம் வராது.

இருந்தாலும் கையால் மாற்றும் முறை தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் வைஃபை, உங்கள் இணைப்பின் ப்ராபர்ட்டீஸ் என்று போனால் ‘ஐபி அசைன்மென்ட்’ இருக்கும். அதை மேனுவல் ஆக்கி ஐபிவி4ஐ ஆன் செய்யுங்கள். முகவரி 192.168.1.20, கேட்வே (மெயின் ரவுட்டரின் முகவரி) 192.168.1.1, டிஎன்எஸ் (தளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை) 8.8.8.8 அல்லது 1.1.1.1. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. விண்டோஸ் 11 சப்நெட் மாஸ்க் கேட்கும், அதற்கு 255.255.255.0. விண்டோஸ் 10 கேட்பது ப்ரிஃபிக்ஸ் நீளம், அதற்கு 24. அங்கே 255 என்று அடித்தால் சேமிக்க மறுக்கும். பழைய கன்ட்ரோல் பேனல் வழியாக அடாப்டரில் எண் போட்டால் அது எல்லா வைஃபைக்கும் ஒட்டிக்கொள்ளும். லேப்டாப்பை மேட்டுப்பாளையம் எடுத்துப் போனால் அங்கே நெட் வராமல் போவது இதனால்தான்.

எண்ணைப் புதுப்பித்தால் போதும் என்றால் கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் சாய்கோடு ரிலீஸ், பிறகு ஐபிகான்ஃபிக் சாய்கோடு ரென்யூ என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். சாய்கோட்டுக்கு முன் ஓர் இடைவெளி விட வேண்டும். ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் இதே வேலையை வைஃபையின் டீட்டெயில்ஸில் டிசிபி/ஐபி பகுதியில் உள்ள ‘ரென்யூ டிஎச்சிபி லீஸ்’ செய்துவிடும். பழைய எண்ணே திரும்பி வரலாம், அது தவறில்லை.

ஆண்ட்ராய்டில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டு, ஐபி செட்டிங்ஸை டிஎச்சிபியிலிருந்து ஸ்டாட்டிக்குக்கு மாற்ற வேண்டும். போன் கம்பெனிக்கு ஏற்ப இது ‘அட்வான்ஸ்ட்’டுக்குள் ஒளிந்திருக்கும். ஐபோனில் நீல நிற ‘ஐ’ குறியைத் தொட்டு, கான்ஃபிகர் ஐபியில் மேனுவல். இரண்டிலுமே அந்த ஒரு வைஃபைக்கு மட்டும்தான் மாற்றம் பொருந்தும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. ஆகவே உங்கள் சொந்தப் போனை ரிசர்வ் செய்வதானால், வீட்டு வைஃபைக்கு மட்டும் ‘பிரைவேட் அட்ரஸ்’ வசதியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது புக்கிங் தளம். தடுத்திருப்பது ஐபியைத்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். அதே போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் தளத்தைத் திறங்கள். திறந்தால் பழி வெளி முகவரி மேல். திறக்காவிட்டால் பெரும்பாலும் குக்கீஸோ (தளம் உங்கள் பிரவுசரில் சேமித்து வைக்கும் சிறு தகவல்) உங்கள் கணக்கோதான் காரணம், ஐபியை மாற்றிப் பயனில்லை.

வெளி முகவரிதான் என்றால், மெயின் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் என்றால், நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுத் தந்திருக்கிறது. சில நிறுவனங்கள் இதற்கு 10 என்று தொடங்கும் எண்ணையும் பயன்படுத்தும். அப்படியானால் முன்பின் தெரியாத ஒருவர் செய்த வேலைக்கு உங்கள் மேல் தடை விழுந்திருக்கலாம். ரவுட்டரைச் சில நிமிடங்கள் அணைத்துப் போட்டால் வேறு முகவரி கிடைக்க வாய்ப்புண்டு, நிச்சயமில்லை. மொபைல் டேட்டாவில் ஏரோப்ளேன் மோடை 10 விநாடி போட்டு எடுப்பதும் இதே போலத்தான். அவசரத்துக்கு போன் ஹாட்ஸ்பாட்டில் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். முகவரி மாறிய பிறகு தளம் உங்களை சென்னை என்றோ பெங்களூரு என்றோ காட்டினால் பதற வேண்டாம். ஐபியை வைத்து ஊர் சொல்வது நிறுவனத்தின் பதிவை ஒட்டிய ஊகம்தான். கோத்தகிரி என்று அபூர்வமாகத்தான் வரும்.

கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க ஆசைப்பட்டால், பங்கு போட்ட முகவரியில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் உள்ளே ஒரு கருவிக்கு அனுப்புவது) வேலை செய்யாது. கேமரா கம்பெனியின் செயலி வழியாகப் பார்க்கலாம். அது போதவில்லை என்றால்தான் மாதக் கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத வெளி முகவரி, வாங்க வேண்டும்.

விபிஎன், அதாவது உங்கள் இணைப்பை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை, வெளி முகவரியை உடனே மாற்றும். ஆனால் தடையைத் தாண்ட இலவச விபிஎன்னைப் போடாதீர்கள். ஏற்கெனவே பல தளங்கள் தடுத்து வைத்திருக்கும் முகவரிகள்தான் அவற்றில் கிடைக்கும். சில இலவசச் செயலிகள் உங்கள் இணைப்பையே மற்றவர்கள் நுழையும் வாசலாகத் திறந்துவிடும். விருந்தினர் ஒருவர் போனில் அப்படி ஒன்று ஓடினாலும் கெட்ட பெயர் உங்கள் முகவரிக்குத்தான். வங்கிச் செயலிகளும் விபிஎன்னில் அடிக்கடி முரண்டு பிடிக்கும்.

இதற்காகவே விருந்தினர்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க் திறந்து தனி பாஸ்வேர்ட் கொடுங்கள். பிரிண்டரும் கேமராவும் அவர்கள் கண்ணில் படாது. ஆனால் வெளியே போகும் முகவரி உங்கள் வைஃபைக்கும் கெஸ்ட்டுக்கும் ஒன்றுதான், ஆகவே பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றுங்கள். ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றிய காட்டேஜ் ரவுட்டரில் கெஸ்ட் வசதி எல்லா மாடலிலும் சரியாகப் பிரிக்காது. ஒரு போனை அதில் இணைத்து 192.168.1.1 பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் பிரியவில்லை என்று அர்த்தம்.

கரண்ட் விஷயத்துக்கு ஃபைபர் பெட்டிக்கும் மெயின் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு மினி யூபிஎஸ் வாங்குங்கள். இரண்டின் அடாப்டரிலும் வோல்ட், ஆம்பியர் அச்சிட்டிருக்கும். யூபிஎஸ்ஸின் வோல்ட் அதனுடன் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் இரண்டையும் கூட்டி வருவதற்குக் குறையக்கூடாது. 12 வோல்ட் யூபிஎஸ்ஸில் 9 வோல்ட் ரவுட்டரைச் செருகினால் ரவுட்டர் போய்விடலாம்.