வாசகர் கேள்வி: மலையிறக்கத்தில் அமுங்கும் பிரேக் பெடல்

கேள்வி: என்னிடம் 2002ஆம் ஆண்டு பதிவான ஃபியட் பாலியோ 1.6 கார் இருக்கிறது. சென்ற மாதம் குடும்பத்துடன் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கியபோது, பர்லியாருக்குச் சற்று முன்பாக பிரேக் பெடல் பஞ்சுபோல் அமுங்கி, ஏறக்குறைய தரையைத் தொட்டுவிட்டது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து ஓரம் கட்டினேன். அரை மணி நேரம் கழித்துப் பெடல் பழையபடி ஆகிவிட்டது. கோவையில் ஒரு பட்டறையில், துளையிட்ட பெரிய டிஸ்க்கும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) பொருத்தினால் சரியாகிவிடும், ஒரு லட்சம் ரூபாய் ஆகும் என்கிறார்கள். செய்யலாமா? (வாசகர், குன்னூர்)

பதில்: இப்போதைக்கு அந்த ஒரு லட்சம் வங்கியிலேயே இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட வரி, அரை மணி நேரத்தில் பெடல் தானாகவே சரியானது என்பதுதான். எங்காவது ஒழுக்கு இருந்தால் அது காத்திருந்து சரியாகாது. கொதித்த பிரேக் ஆயில்தான் ஆறியவுடன் பழைய நிலைக்கு வரும். ஆனாலும் ஒழுக்கு இல்லை என்று ஒருவர் அடியில் குனிந்து பார்த்து உறுதி செய்யும்வரை அந்த வண்டியில் மலை இறங்க வேண்டாம்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம். ஆட்களுடன் வண்டி 1,300 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், ஐம்பது லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை அறுபது முறை நிறுத்துவதற்குச் சமம். இதில் ஒரு பங்கை எஞ்சினும் எதிர்காற்றும் டயர்களும் வாங்கிக்கொள்ளும். எஞ்சின் வாங்காததையெல்லாம் முன்சக்கரங்களில் இருக்கும் இரண்டு டிஸ்க்குகளே பெரும்பாலும் சுமக்க வேண்டும்.

அந்த ஆற்றல் சூடாக மாறி, டிஸ்க்கை உரசும் பேட் வழியாக அதைத் தள்ளும் பிஸ்டனுக்கும், பிஸ்டன் வழியாக ஆயிலுக்கும் போகிறது. டாட் 4 என்ற தரத்திலான புதிய பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் தன்மையுடையது, சுமார் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் கொதிநிலை 155 வரை இறங்கிவிடக்கூடும். டாட் 3 ஆயிலில் இது 140தான். கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழி உருவாகிறது; திரவம் அழுத்தத்தைக் கடத்தும், ஆவியோ அமுங்கிக் கொடுக்கும். பெடல் தரைக்குப் போனது அதனால்தான். இதில் வண்டி தயாரித்தவர்களின் குறை எதுவும் இல்லை. பிரேக் ஆயில் குப்பியின் மூடியைத் திறந்து பாருங்கள்: நல்ல ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும், உங்களுடையது பால் ஊற்றாத தேநீரின் நிறத்தில் இருந்தால் வியக்க மாட்டேன்.

பெடல் கல்போல் கெட்டியாக நின்றும் வண்டி நிற்க மறுத்தால், அது வேறு நோய். சூட்டில் பேட் பிடிமானத்தை இழந்திருக்கிறது என்று பொருள். அதற்கு மருந்து நல்ல பேட். காலுக்குத் தெரிகிற இந்த வேறுபாட்டைப் பட்டறையில் யாரும் கேட்டார்களா என்று தெரியவில்லை. கேட்டிருந்தால் முதலில் டிஸ்க்கைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள்.

ஆகவே, முதல் வேலை ஆயிலை முழுவதும் மாற்றுவது. நான்கு சக்கரங்களிலும் ஆயில் வெளியேறும் நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் குழாயைச் செருகி, குமிழி நின்று புதிய நிறம் வரும்வரை பழைய ஆயிலை வெளியேற்றச் (பிளீட் செய்ய) சொல்லி, அருகில் நின்று பாருங்கள். டாட் 4 போதும், டாட் 5.1 இன்னும் நல்லது. பெயரில் ஒன்றுபோலத் தோன்றும் டாட் 5 சிலிக்கான் வகை. அதை ஊற்றிவிடக் கூடாது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். மலையில் குடியிருப்பவர் ஆண்டுதோறும் மாற்றினாலும் அதிகமில்லை. அடுத்து, சக்கரத்துக்கு ஆயிலைக் கொண்டுசெல்லும் ரப்பர் ஹோஸ். இருபது ஆண்டு ஹோஸ் உள்ளே உப்பி அடைத்துக்கொண்டால், காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிச் சூடேற்றும். காலிப்பரின் சறுக்கு ஊசிகள் நீலகிரி ஈரத்தில் துருப்பிடித்து இறுகியிருந்தாலும் இதே கதைதான். சமதளத்தில் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் திருடன் அகப்பட்டான். டிஸ்க்கின் விளிம்பில் பொறித்துள்ள குறைந்தபட்ச கனத்துக்குக் கீழே தேய்ந்திருந்தால், அசல் அளவிலேயே புதியது போடுங்கள்.

பெரிய டிஸ்க் சூட்டைத் தாங்கும் என்பது உண்மை; ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்கு பிரேக் ஏற்கெனவே பிடிக்கிறது என்றால், வண்டி நிற்கும் தூரத்தை முடிவு செய்வது டயரே. பிஸ்டன் பரப்பு கூடினால், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் பழைய மாஸ்டர் சிலிண்டரை வைத்துக்கொண்டு பெடல் இன்னும் ஆழமாகப் போகும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான பிரேக் பங்கீடு குலையும். துளையிட்ட டிஸ்க், கடும் சூட்டில் துளையோரமாக விரிசல் விடக்கூடியது; எனக்கு அதில் அழகைத் தவிர வேறு பயன் தெரியவில்லை. மேலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தயாரிப்பாளரின் விவரக்குறிப்பை மீறும் மாற்றங்களுக்குத் தடை விதிக்கிறது. பதினைந்து ஆண்டு கடந்து பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குப் போகும் வண்டிக்கு இது வீண் தலைவலி.

இனி, எந்த கியரில் இறங்கினீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குவோர் நம் மலையில் இன்றும் உண்டு. இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோல் பாய்வதே பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓயாமல் குடிக்கிறது. இரண்டாம் கியரில் இறங்குங்கள். பெடலில் காலை வைத்தபடியே வராமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு முழுவதும் விட்டுவிடுங்கள். டிஸ்க் ஆற இடைவெளி கிடைக்கும்.

கேள்வி: என் பழைய மாருதி ஜென் காரின் பின் டிரம்மை டிஸ்க்காக மாற்றலாமா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, இறக்கத்தில் இன்னும் கூடுதலாகச் சாய்கிறது. பின்சக்கரத்தின் பங்கு சிறியது. அதை அளவுமீறிக் கூட்டினால் பனிமூட்டத்தில் நனைந்த வளைவில் பின்சக்கரம் முதலில் பூட்டி, வண்டி சுழன்றுவிடும். டிரம்முக்குள் உரசும் ஷூக்களைச் சுத்தம் செய்து சரியான இடைவெளிக்குத் திருகி வைக்கச் சொல்லுங்கள். ஏற்றத்தில் நிறுத்திவிட்டுச் சந்தைக்குப் போகும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் அந்த டிரம்தான்.