அமெரிக்கக் குடியேற்றத் தடுப்பு மையத்தில் பெண்களின் கருப்பையை எடுத்தார்கள் என்பது உண்மையா, புரளியா?

கூட்டம் கூட்டமாகக் கருப்பையை எடுத்தார்கள் என்பது நிரூபணமாகவில்லை. ஆனால் விசாரணையில் தெரியவந்த மற்ற விஷயங்களே போதுமான அளவு மோசம். என் வருத்தமெல்லாம், முதல் வாக்கியத்தைக் கேட்டதுமே "அட, புரளிதானா" என்று பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள் என்பதுதான்.

இடம், ஜார்ஜியா மாநிலத்தில் ஒசில்லா என்ற சிற்றூர். அங்கே குடியேறிகளைக் காவலில் வைத்திருந்த இர்வின் கவுன்டி தடுப்பு மையம். ஐஸ் என்று எல்லோரும் சொல்கிற குடியேற்ற அமலாக்கத் துறைக்காக ஒரு தனியார் நிறுவனம் நடத்தியது. அங்கே வேலை பார்த்த டான் வூட்டன் என்ற நர்ஸ் 2020 செப்டம்பரில் புகார் கொடுத்தார். புகாரின் பெரும்பகுதி கொரோனா காலத்தில் அங்கே எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை என்பதுதான். நடுவில், பல பெண்களுக்குக் கருப்பையை எடுத்துவிட்டார்கள், ஏன் எடுத்தார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை என்ற பகுதியும் இருந்தது. தலைப்புச் செய்தியானது அது மட்டும்.

அப்புறம் செனட்டின் விசாரணைத் துணைக்குழு 18 மாதம் துருவி, 2022 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. இரண்டு கட்சிக்காரர்களும் இருந்த குழு அது. ஆவணங்களில் கிடைத்த கருப்பை அகற்றல் மொத்தம் இரண்டே. இரண்டுமே மருத்துவ ரீதியாகத் தேவைப்பட்டவை என்று ஐஸ் முடிவு செய்திருந்தது. அந்தப் பெண்களுக்குச் சிகிச்சை செய்த மகப்பேறு டாக்டர், தன்மேல் வந்த குற்றச்சாட்டுகளை மறுத்தார். தன்னைப் பற்றி ஒளிபரப்பிய டிவி நிறுவனத்தின் மேல் அவதூறு வழக்கும் போட்டார். கூட்டமாகக் கருப்பை எடுத்தார் என்ற மாதிரியான கூற்றுகள் பொய் என்று 2024இல் அந்த வழக்கில் நீதிபதி சொன்னார். சரி, அது அவர் பக்கத்து நியாயம்.

இப்போது அதே அறிக்கையின் மற்ற பக்கங்களுக்கு வாருங்கள். 2017 முதல் 2020 வரை, நாடு முழுக்க ஐஸ் காவலில் இருந்த பெண்கள் மகப்பேறு டாக்டர்களைப் பார்த்த தடவைகளில் இவரிடம் வந்தவை சுமார் 6.5 சதவீதம்தான். ஆனால் வயிற்றில் ஓட்டை போட்டுச் சதைப் புண்களை அகற்றும் லேப்ராஸ்கோப்பி நாடு முழுக்க 47 நடந்ததில் 44 இவர் செய்தவை. நம் வீடுகளில் "கர்ப்பப்பையைச் சுத்தம் பண்றது" என்பார்களே, அந்த டி அண்ட் சி 65இல் 53. கருத்தடைக்குப் போடும் மூன்று மாத ஊசி 110இல் 102. அந்த ஒரு ஊருக்கு வந்த பெண்களுக்கு மட்டும் அப்படி ஒரே நோய் எங்கிருந்து வந்திருக்கும்? சினைப்பையில் வரும் சாதாரண நீர்க்கட்டி என்றால் ஓரிரண்டு மாதவிடாய் பொறுத்துப் பார்ப்பார்கள், பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். மிகையான, உடலுக்குள் கைவைக்கிற, பல நேரம் தேவையே இல்லாத சிகிச்சைகள் நடந்ததாகத் தெரிகிறது என்று குழு எழுதியது. குழு கூப்பிட்டபோது, தனக்கெதிராகவே சாட்சி சொல்லத் தேவையில்லை என்ற அரசியல் சட்ட உரிமையைக் காட்டி டாக்டர் பேச மறுத்துவிட்டார்.

"பிடிக்கவில்லை என்றால் ஏன் கையெழுத்துப் போட்டார்கள்?" என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் சில வருடம் ஃபோன் வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பு செய்தேன். ஒருமுறை ஓர் அமெரிக்க ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள், பின்னால் ஏதோ மெஷின் பீப் அடித்துக்கொண்டே இருந்தது. டாக்டர் நிறுத்தாமல் ஒரு நிமிடம் பேசினார். ஆபத்துகள், மாற்று வழிகள், மயக்க மருந்து எல்லாம் அதற்குள் அடக்கம். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் "கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்" என்றார். எதிர்முனைப் பெண் என்னிடம் கேட்டார்: "அக்கா, நீங்களே சொல்லுங்க, போடட்டுமா?" எங்களுக்கு ஆலோசனை சொல்ல அனுமதி கிடையாது. அவர் கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் டாக்டரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் காகிதம் புரளும் சத்தம். அவர் யாரிடமும் கைதி இல்லை, பிடிக்காவிட்டால் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். அப்படியும் இந்த நிலைமை.

இர்வின் பெண்களுக்கோ வேறு டாக்டரிடம் போக வழியில்லை. என்ன செய்யப் போகிறார்கள் என்று யாரும் விளக்கவில்லை என்று பலர் சொன்னார்கள். அந்தப் பெண்கள் தொடுத்த வழக்கில் 40க்கும் மேற்பட்டவர்கள் எழுத்தில் சாட்சியம் கொடுத்தார்கள். விசாரணை நடக்கும்போதே புகார் சொன்ன சிலரை நாடு கடத்தியும் விட்டார்கள். 2021 மே மாதம் அந்த மையத்தோடு உறவை முறிக்கச் சொல்லி அரசு உத்தரவிட்டது.

எனக்கு ஆறாத கோபம் ஐஸ் மேல்தான். தேவையில்லாத சிகிச்சைகளைச் செய்து அரசிடம் பணம் வாங்கினார்கள் என்று இதே டாக்டர் உள்ளிட்டவர்கள் மேல் 2013இலேயே மத்திய அரசும் ஜார்ஜியாவும் வழக்குப் போட்டிருந்தன. 2015இல் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், அதை முடித்துக்கொண்டார்கள். கோர்ட் காகிதங்கள், யாரும் எடுத்துப் பார்க்கலாம். 2020 வரை ஐஸ் பெண்களை அவரிடமே வண்டி ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தது.