மூன்று பிள்ளைகளும் ஏன் ஒரே பெஞ்சில்?

கேள்வி: ஒத்தக்கடைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். வகுப்பில் 28 பிள்ளைகள். அதில் மூன்று பேரை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஒருத்தி, கட்டட வேலைக்கு வந்த பீகார்க் குடும்பத்துப் பிள்ளை. "நாளை எனக்குக் காய்ச்சல் வந்தது" என்று எழுதுகிறாள். இன்னொருவன் உள்ளூர்ப் பையன். வாயால் கணக்குச் சொன்னால் பட்டென்று விடை சொல்வான். புத்தகத்தைத் திறந்தால் 'பட்டம்' என்பதைப் 'படம்' என்பான், வரி தவறிப் போவான். மூன்றாவது, ஊர் ஊராக ஆடு மேய்க்கும் கீதாரி வீட்டுப் பையன். வயல்களில் உரத்துக்காக இரவில் ஆடுகளை அடைத்துக் கிடை போடப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். மூவரையும் தொடக்க நிலையான 'அரும்பு' குழுவில் சேர்த்து உட்கார வைத்து அ, ஆவில் இருந்து சொல்லித் தருகிறேன். முன்னேற்றமே இல்லை. இவர்களால் பாடம் பின்தங்குகிறது என்று மற்ற பெற்றோர் குறைப்படுகிறார்கள். ஒரே ஆளாக நான் யாருக்கு ஏற்றபடி நடத்துவது?

(பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: அன்புள்ள டீச்சர்,

2022இல் தொடக்க வகுப்புகளுக்குத் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது, பிள்ளை எங்கே நிற்கிறது என்று நாம் தெரிந்துகொள்ள. ஏன் அங்கே நிற்கிறது என்பதை நாம்தான் தேட வேண்டும். உங்கள் மூவருக்கும் வாசிக்க வரவில்லை, சரி. ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. அ, ஆவில் இருந்து தொடங்குவது இவர்களில் யாருக்கும் மருந்து இல்லை.

அந்தப் பீகார்ப் பிள்ளை எழுதிய வரியை இன்னொரு தடவை பாருங்கள். 'வந்தது' என்று இறந்தகாலத்தைச் சரியாகப் போட்டிருக்கிறாள். 'எனக்கு' சரி, 'காய்ச்சல்' சரி. சிக்கல் ஒரே சொல்லில்தான். இந்தியில் நேற்றும் 'கல்', நாளையும் 'கல்'. எந்த நாள் என்பதை வினைச்சொல் காட்டிக் கொடுத்துவிடும். முந்தாநாளுக்கும் நாளன்றைக்கும்கூட அங்கே ஒரே சொல்தான். தன் மொழியின் ஒழுங்கைத் தமிழுக்குக் கொண்டு வந்திருக்கிறாள், அவ்வளவுதான். காலண்டரில் விரல் வைத்து 'நேற்று', 'நாளை' என்று காட்டுங்கள், சீக்கிரமே பிடித்துக்கொள்வாள்.

எழுத்திலும் அவளுக்கு ஒரு தடங்கல் இருக்கும். இந்தியில் க வரிசைக்கு நாலு எழுத்து. நம்முடைய ஒரே க, 'பக்கம்', 'தங்கம்', 'மகள்' மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. பழகிப்போன நம் காதுக்கு அது தெரிவதில்லை, அவளுக்குத் தெரியும். அதனால் தனி எழுத்தை விட்டுவிட்டு முழுச் சொல்லாக, படத்தோடு கொடுங்கள். அவளுக்கு வசதியான விஷயமும் ஒன்று உண்டு: இந்தியிலும் வினை வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். ஐந்தாம் வகுப்பில் இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளை இருந்தால் பத்து நிமிடம் கூப்பிட்டு, அவள் வாக்கியத்துக்குக் கீழே சொல்லுக்குச் சொல் தமிழை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வகுப்பில் அவள் தன் மொழியில் பேசினால் தயவுசெய்து அதட்டாதீர்கள். வீட்டில் போஜ்புரியா மைதிலியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், பீகார் என்றால் இந்தி மட்டும் இல்லை. அப்புறம், 'எங்கள் ஊர்த் திருவிழா' என்று கட்டுரை கொடுக்கும்போது, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்திராத பிள்ளை என்ன எழுதும்? ஆற்றுத் தண்ணீரில் நின்று சூரியனுக்குப் படைக்கும் சட் பூஜையை அவள் சொல்லட்டும். வைகைக் கரைப் பிள்ளைகளுக்கு அது சட்டென்று புரியும்.

இதெல்லாம் எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. திருமலை நாயக்கர் மகால் பக்கம் வேலை பார்த்தபோது, வீட்டில் வேறு மொழி பேசும் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். வாயே திறக்க மாட்டாள். திமிர் என்று நினைத்துக் கடைசி பெஞ்சில் போட்டேன். ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனால், திண்ணையில் அம்மாவோடு உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறாள். துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி ஒரு இழுப்பு, உடனே அடுத்த முடிச்சு. சாயத்தில் முக்கி அவிழ்த்தால் முடிச்சு இருந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். "ஒரு வரிசைக்கு எத்தனை?" என்றேன். தலை நிமிராமல் சொன்னாள். "எட்டு வரிசைக்கு?" அதையும் சொன்னாள். மறுநாள் ஒரு சுங்குடித் துண்டைக் கரும்பலகையில் மாட்டிப் பெருக்கல் நடத்தினேன். வரிசை வரிசையாகப் புள்ளிகளை அவள் தொட்டு எண்ண, எட்டாம் வாய்ப்பாடு வகுப்புக்கே புரிந்தது. அத்தனை மாதம் அவளைப் பின்னால் தள்ளி வைத்திருந்தது இன்றும் எனக்கு உறுத்துகிறது. பாடம் பின்தங்குகிறது என்று சொல்லும் பெற்றோருக்கும் அந்தச் சுங்குடித் துண்டுதான் என் பதில். ஒரு பிள்ளைக்காகத் தேடிப் பிடித்த வழியில் மற்றப் பிள்ளைகளும் கற்கிறார்கள்.

உள்ளூர்ப் பையனுக்கு முதலில் கண் பரிசோதனை. கண்ணில் குறை இல்லை என்றால், டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிப்பதில் வரும் சிக்கல்) போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல வேண்டாம். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. சான்று இருந்தால் பின்னாளில் பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கிடைக்க வழி உண்டு. அதுவரை எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்லாதீர்கள், இது ஒன்றை மட்டுமாவது எனக்காகச் செய்யுங்கள். ஒரு அட்டையால் கீழ் வரிகளை மறைத்து ஒவ்வொரு வரியாகக் காட்டுங்கள். மணலில் விரலால் எழுதட்டும். கணக்குக்கு விடையை வாயால் வாங்கி நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

கீதாரி வீட்டுப் பையனுக்கு மூளையில் ஒரு குறையும் இல்லை, இருந்த நாள்தான் குறைவு. அவனுக்கு முதல் எழுத்தில் இருந்து எல்லாம் வேண்டாம். விட்டுப்போன பாடங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையோடு தினம் ஒன்றாக முடிக்கச் சொல்லுங்கள். கிடைக்கு எத்தனை ஆடு, ஒரு ராத்திரிக்கு என்ன கூலி என்று அவனிடமே கேட்டு அதையே கணக்காகப் போடுங்கள். அடுத்து எந்த மாதம், எந்த ஊர்ப் பக்கம் கிளம்புகிறார்கள் என்று அவன் அப்பாவிடம் இந்த வாரமே விசாரித்துவிடுங்கள். கிளம்புகிற அன்று அவன் பையில் ஒரு நோட்டும், அவன் தானே வாசிக்கக்கூடிய இரண்டு கதைப் புத்தகங்களும் இருக்கட்டும்.