தேனீ வளர்ப்போர் தளம் முடங்கியது: எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி: ஐயா, மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கத்துத் தேனீ வளர்ப்போர் சேர்ந்து, வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில், உறுப்பினர் பக்கம், குழு எல்லாம் தரும் பட்டிபிரஸ் போட்டு ஒரு இணையதளம் நடத்துகிறோம். பெட்டி வாங்குவது, விற்பது, நோய் பற்றிக் கேட்பது, எந்த ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைக்க இடம் இருக்கிறது என்று சொல்வது எல்லாம் அதில்தான். போன வாரம் டாஷ்போர்டில் காட்டிய அப்டேட் எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுத்தேன். தளம் வெள்ளையாகிவிட்டது. ஹோஸ்டிங்கில் போய், சந்தேகப்பட்ட ஒரு பிளகின் (வேர்ட்பிரஸ்ஸோடு சேர்க்கும் துணை நிரல்) ஃபோல்டரை அழித்ததும் தளம் திரும்ப வந்தது. ஆனால் குழுக்கள் பக்கத்தைத் தொட்டால் 404, அதாவது பக்கம் இல்லை என்கிறது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் போவதில்லை, இது பல மாதமாகவே இருக்கிறது. போலிக் கணக்குகள் வேறு குவிகின்றன. வேகத்துக்காக ஒரு கேஷ் பிளகின் சேர்த்தோம். அதன்பிறகு இரண்டு பேர், உள்ளே போனால் வேறொருவர் பெயர் தெரிகிறது என்கிறார்கள். ரப்பர் தளிர் விடும் காலத்துக்குள் எல்லாம் சரியாக வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் கடைசியாக எழுதியதிலிருந்து. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் பெயர் தெரிகிறது என்றால், இதைப் படித்த கையோடு அந்தக் கேஷ் பிளகினை அணைத்துவிடுங்கள். மற்றவை தளத்தின் கோளாறுகள். இது மட்டும், உங்களை நம்பிப் போன் நம்பரையும் தனிச் செய்திகளையும் கொடுத்த ஆட்களுக்கு நேர்கிற தீங்கு.

கேஷ் பிளகின் ஒரு பக்கத்தை முதல்முறை தயாரித்ததும் அதன் பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்து வருகிறவருக்கு அதையே நீட்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரிகிற செய்தித் தளத்துக்கு இது நல்ல ஏற்பாடு. உங்கள் தளத்தில் லாகின் செய்த ஒவ்வொருவருக்கும் பக்கம் வேறு: மேலே அவர் பெயர், அவருக்கு வந்த செய்திகள், அவர் சேர்ந்த குழுக்கள். அருமனைக்காரருக்குத் தயாரான பக்கம் பிரதியாகிக் குலசேகரத்துக்காரர் கையில் கிடைக்கிறது. லாகின் செய்தவருக்குப் பிரதி கொடுக்கக் கூடாது என்பதை நல்ல கேஷ் பிளகின்கள் தாமாகவே கடைப்பிடிக்கும். ஆகவே அந்த அமைப்பை யாரோ மாற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிளவுட்ஃபிளேர் போன்ற இடைநிலைச் சேவையில் எல்லாப் பக்கத்தையும் சேமிக்கச் சொல்லி ஒரு விதி எழுதியிருக்க வேண்டும், அல்லது ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரிலேயே இன்னொரு கேஷ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மூன்று இடத்தையும் பாருங்கள், மூன்றிலும் சேமித்த பிரதிகளை அழியுங்கள்.

அதோடு விட்டுவிடாதீர்கள். வேர்ட்பிரஸ்ஸின் கான்ஃபிக் ஃபைலில் எட்டுப் பாதுகாப்புச் சாவிகள் வரிசையாக இருக்கும். புதிய சாவிகளை உருவாக்கித் தர வேர்ட்பிரஸ்ஸே ஒரு பக்கம் வைத்திருக்கிறது. அங்கிருந்து எடுத்துப் பழையவற்றை மாற்றுங்கள். மாற்றிய உடனே எல்லாரும் லாக் அவுட் ஆவார்கள். பக்கத்தோடு சேர்ந்து யாருடைய லாகின் குக்கீயாவது தவறான கைக்குப் போயிருந்தால் அதுவும் அத்தோடு செல்லாமல் போகும். பிறகு இரண்டு போனில் இரண்டு கணக்காக நுழைந்து, பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். உறுப்பினர்களிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், அது உங்கள் கடமை. வேகம் வேண்டுமென்றால், லாகின் செய்யாமல் வந்து பார்க்கிறவர்களுக்கு மட்டும் கேஷ் போதும்.

இரண்டாவது, மின்னஞ்சல். போன வாரம் உங்களைத் திண்டாட விட்டதே இதுதான் என்பேன். 2019-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.2 முதல், ஒரு பிளகின் தளத்தைக் கவிழ்த்தால் நிர்வாகியின் முகவரிக்கு ஒரு மீட்பு இணைப்பு தானாக வரும். எந்தப் பிளகின், எந்த ஃபைலில், எந்த வரியில் பிழை என்பது அந்த அஞ்சலிலேயே இருக்கும். இணைப்பைத் தொட்டால், பழுதான பிளகினை உங்களுக்கு மட்டும் நிறுத்தி வைத்து டாஷ்போர்டுக்குள் விடும். அங்கிருந்து அதை அணைத்துக்கொள்ளலாம். உங்களுக்கும் அந்த அஞ்சல் கிளம்பியிருக்கும், வந்து சேர்ந்திருக்காது. மாதக்கணக்கில் அஞ்சல் போகாத தளத்தில் மீட்பு அஞ்சல் மட்டும் எப்படி வரும்? அதனால்தான் நீங்கள் சந்தேகத்தின் பேரில் ஃபோல்டரை அழிக்க வேண்டியதாயிற்று.

வேர்ட்பிரஸ் இயல்பாக, தளம் இருக்கும் சர்வரிலிருந்தே நேரடியாக அஞ்சலை அனுப்புகிறது. பெறுகிற பக்கத்தில் ஜிமெயில் கேட்பது ஒன்றுதான்: இந்த டொமைன் (தள முகவரி) பெயரில் அஞ்சல் அனுப்ப இந்தச் சர்வருக்கு உரிமை உண்டா? அதற்குப் பதில் சொல்பவை டொமைனின் டிஎன்எஸ் என்ற பொதுப் பதிவேட்டில் இருக்க வேண்டிய எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற இரண்டு பதிவுகள். 2024 பிப்ரவரி முதல், இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று ஜிமெயில் எல்லா அனுப்புநர்களுக்கும் விதித்துவிட்டது. உங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஜிமெயில் வைத்திருப்பார்கள். இரண்டும் இல்லாமல் அனுப்பிய அஞ்சல் ஸ்பேமுக்குப் போகும், அல்லது வாசலிலேயே திருப்பப்படும்.

செய்ய வேண்டியது: உங்கள் டொமைன் பெயரிலேயே ஒரு அஞ்சல் பெட்டி உருவாக்கி, அந்தப் பெட்டியில் நுழைந்து அஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி பிளகின் ஒன்று போட்டு, அதன் வழியாக மட்டும் தளம் அஞ்சல் அனுப்பும்படி அமையுங்கள். அனுப்புநர் இடத்தில் உங்கள் சொந்த ஜிமெயில் முகவரியைப் போடாதீர்கள். கூகுள் சர்வர் அல்லாத இடத்திலிருந்து ஜிமெயில் பெயரில் வரும் அஞ்சலை யாரும் நம்ப மாட்டார்கள். எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். ஹோஸ்டிங்காரர் ஒன்று, அஞ்சல் சேவைக்காரர் ஒன்று என்று இரண்டு சேர்ந்துவிட்டால் இரண்டுமே செல்லாது. இரண்டையும் ஒரே வரியாக்க வேண்டும். இந்தத் தவறைச் சமூகத் தளங்களில் அடிக்கடி பார்க்கிறேன். அமைத்து முடித்ததும் உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு சோதனை அஞ்சல் அனுப்பி, அதன் மூல வடிவத்தைத் திறந்து பாருங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டுக்கும் எதிரே 'பாஸ்' என்று இருந்தால் வேலை முடிந்தது.

இதற்கிடையில் காத்துக் கிடக்கும் ஆட்களை வெளியே நிறுத்த வேண்டாம். டாஷ்போர்டில் யூசர்ஸ் பகுதியில், உறுதிசெய்யப்படாத பதிவுகள் தனிப் பட்டியலாக இருக்கும். தெரிந்த முகங்களை நீங்களே அங்கிருந்து உள்ளே சேர்க்கலாம்.

இனி வெள்ளைப் பக்கமும் 404-உம். எதை அழித்தீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் ஃபைல் மேனேஜர் வழியாக அழித்தது ஒருவகையில் நல்லதாயிற்று. டாஷ்போர்டில் 'டிலீட்' கொடுத்திருந்தால் சில பிளகின்கள் தங்கள் தரவையும் டேட்டாபேஸிலிருந்து துடைத்துவிட்டுத்தான் போகும். ஃபோல்டரை மட்டும் அழித்தால் தரவு அப்படியே நிற்கும். அதே பிளகினை மறுபடி நிறுவினால் பழைய பதிவுகள் திரும்பத் தெரியும். அடுத்த முறை அழிக்கவும் வேண்டாம், ஃபோல்டரின் பெயரை மாற்றினாலே போதும், பிளகின் நின்றுவிடும்.

குழுக்கள் பக்கத்துக்கு முதலில் எளிய வைத்தியம்: செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் பக்கத்தைத் திறந்து, எதையும் மாற்றாமல் 'சேவ்' அழுத்துங்கள். முகவரி விதிகள் புதிதாக எழுதப்படும். பலருக்கு 404 இதிலேயே தீரும். தீராவிட்டால் பட்டிபிரஸ்ஸின் பதிப்பைப் பாருங்கள். 2023 டிசம்பரில் வந்த 12-ஆம் பதிப்பில், உறுப்பினர், குழு ஆகிய பக்கங்களுக்கு முகவரி உருவாக்கும் முறையே மாறியது. நீங்கள் 11-இலிருந்து ஒரே தாவாகத் தாவியிருந்தால், பழைய முறையை நம்பி எழுதிய தீமும் (தளத்தின் தோற்ற அமைப்பு) துணைப் பிளகின்களும் தடுமாறும். அவற்றுக்காகவே பட்டிபிரஸ் குழுவினர் 'பிபி கிளாசிக்' என்ற இலவச இணைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். அதை நிறுவிப் பாருங்கள், குழுக்கள் திரும்பிவிட வாய்ப்பு அதிகம். ஆனால் அதை நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ளாதீர்கள். எந்தத் துணைப் பிளகினுக்காக அது தேவைப்படுகிறதோ, அந்தப் பிளகினைத்தான் மாற்ற வேண்டும்.

இன்னும் பிழை இருந்தால் ஊகிக்க வேண்டாம். 'ஹெல்த் செக் அண்ட் டிரபிள்ஷூட்டிங்' என்ற பிளகினில் ஒரு சோதனை நிலை உண்டு. அதை இயக்கினால் எல்லாப் பிளகினும் உங்கள் கண்ணுக்கு மட்டும் நின்றுவிடும்; உறுப்பினர்களுக்குத் தளம் எப்போதும்போலத் தெரியும். அந்த நிலையில் ஒவ்வொன்றாக இயக்குங்கள், ஒவ்வொன்றுக்குப் பிறகும் குழுக்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நோய் எந்தச் சட்டத்தில் என்று தெரிய, பெட்டியிலிருந்து அடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பீர்கள் அல்லவா, அதே பொறுமைதான். உங்கள் சிக்கலுக்கு வேர், எல்லா அப்டேட்டையும் ஒரே நேரத்தில் கொடுத்தது. பத்து மாற்றம் ஒன்றாக நடந்தால், கவிழ்த்தது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

சில வேளை நீங்கள் எதையும் தொடாமலே தளம் கவிழும். அப்போது, வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியின் பதிப்பைப் பாருங்கள். பிஎச்பி 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்தது, 8.0-க்கு 2023 நவம்பரில். ஹோஸ்டிங் நிறுவனங்கள் சர்வரை மேலே ஏற்றும்போது, எழுதியவர் கைவிட்டுப் போன பழைய பிளகின் முதலில் விழும். ஆகவே, அப்டேட் வந்து இரண்டு ஆண்டுக்கு மேலான பிளகின் எதுவாக இருந்தாலும், இன்றைக்கு ஓடினாலும், அதற்கு மாற்றுத் தேடுங்கள். ஒவ்வொரு பிளகினுக்கும் 'இது எதற்கு, யார் போட்டது, எடுத்தால் என்ன நிற்கும்' என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். பதில் எழுத முடியாதது தேவையற்றது.

போலிக் கணக்குகளுக்கு நான் சொல்வது, வாசலை மூடிவிட்டு விண்ணப்பம் வாங்குங்கள். யார் வேண்டுமானாலும் பதிவுசெய்யலாம் என்ற அமைப்பை அணைத்தால், பட்டிபிரஸ் 10 முதல் உறுப்பினர் விண்ணப்பம் வாங்கும் வசதி அங்கேயே தெரியும். ஒவ்வொன்றையும் நீங்கள் பார்த்து ஒப்புக்கொள்ளலாம். ஊர்க்காரர்களுக்கான தளத்தில் இந்த வேலை பாரமாக இராது. திறந்த வாசல்தான் வேண்டுமென்றால், பதிவுப் படிவத்தில் தமிழில் ஒரு கேள்வி வையுங்கள். ரப்பர் மரத்தில் தேனீக்குத் தேன் கிடைப்பது பூவிலா, இலையிலா? ஜனவரியிலிருந்து மார்ச் வரை தளிர் இலைக்காம்புச் சுரப்பியில் தேனீ மொய்ப்பதைப் பார்த்தவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கண்ணில் படும் எல்லாப் படிவத்தையும் தானாக நிரப்பிப் போகிற நிரல் பெரும்பாலும் இதில் நின்றுவிடும். ஏற்கெனவே உள்ள போலிக் கணக்குகளை மொத்தமாக அழிக்கும் முன், ஒரு முறையாவது ஏதாவது எழுதியவர்களை அந்தப் பட்டியலிலிருந்து விலக்கிவிடுங்கள். வளைகுடாவிலிருந்து எப்போதாவது எட்டிப் பார்க்கும் நம்மாள் அதில் அகப்பட்டுவிடக் கூடாது.

இரண்டு சின்ன விஷயம், நீங்கள் கேட்காவிட்டாலும். குழுவுக்குத் தமிழில் பெயர் வைத்தாலும் முகவரியை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். தமிழ்க் குறி (த ஒன்று, அதன் மேல் வரும் ஏகாரக் குறி ஒன்று என்று) ஒவ்வொன்றும் முகவரியில் ஒன்பது எழுத்தாக விரியும். 'தேனீ' என்ற சொல்லே நான்கு குறி, 36 எழுத்து. வேர்ட்பிரஸ் 200 எழுத்தோடு நிறுத்திவிடுவதால், நீண்ட தமிழ்த் தலைப்பு பாதியில் அறுந்த முகவரியாகிறது. வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் பார்க்கவே பயமாக இருக்கும். அடுத்தது, அடையின் படம் ஏறவில்லை என்று யாராவது சொன்னால் பிளகினைக் குற்றம் சொல்லாதீர்கள். பிஎச்பியில் ஒரு ஃபைலுக்கான இயல்பு வரம்பு 2 எம்பி. இன்றைய போன் படம் அதைத் தாண்டும். ஹோஸ்டிங் பேனலில் வரம்பைக் கூட்டினால் தீர்ந்தது.

கேஷை அணைத்த கையோடு, மற்ற எதையும் தொடும் முன்பு பேக்கப். ஃபைல்கள், டேட்டாபேஸ் இரண்டும் சேர்ந்ததுதான் பேக்கப். ஒன்று மட்டும் இருந்தால் தளத்தை எழுப்ப முடியாது. அது அதே ஹோஸ்டிங்கிலேயே கிடந்தால் சர்வரோடு சேர்ந்து போய்விடும், ஆகவே வெளியே ஒரு பிரதி வையுங்கள். ஒரு துணை டொமைனில் அதை மீட்டெடுத்துத் தளம் எழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். அந்தச் சோதனைப் பிரதியில் மறக்காமல் மின்னஞ்சலை நிறுத்திவையுங்கள், இல்லையென்றால் உறுப்பினர்களுக்கு ஒவ்வொரு அறிவிப்பும் இரண்டு முறை போகும். இனி அப்டேட்டுகளை அந்தப் பிரதியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்த பிறகே நேரடித் தளத்துக்குக் கொண்டுவாருங்கள். பாதுகாப்பு அப்டேட்டை எந்த மாதத்திலும் தள்ளிப்போட வேண்டாம். தீம் மாற்றம், பட்டிபிரஸ்ஸின் பெரிய பதிப்பு மாற்றம் போன்றவற்றை மட்டும், பெட்டிகளுக்குச் சர்க்கரைப் பாகு வைக்கிற மழை மாதங்களுக்கு ஒதுக்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் குழுக்கள் பக்கம் திறக்காவிட்டால், கான்ஃபிக் ஃபைலில் டீபக் பதிவை (பிழைகளைக் குறித்துவைக்கும் வசதி) இயக்கி, பிழை திரையில் தெரியாதபடி அமைத்து, பக்கத்தை ஒரு முறை திறந்து பாருங்கள். கன்டென்ட் ஃபோல்டரில் உருவாகும் பதிவு ஃபைலின் கடைசிச் சில வரிகள், பிஎச்பி பதிப்பு, பிளகின்களின் பெயர்ப் பட்டியல், இந்த மூன்றையும் எனக்கு அனுப்புங்கள். பாஸ்வேர்டு எதையும் அனுப்ப வேண்டாம், எனக்கு மட்டுமல்ல, உதவுகிறேன் என்று வருகிற யாருக்கும்.