மூடப்பட்ட பிரிட்டிஷ் விமான நிறுவனங்களின் ரேடியோ அழைப்புப் பெயர்களில் உங்களால் மறக்க முடியாதது எது?

‘கலிடோனியன்’. பிரிட்டிஷ் கலிடோனியன் நிறுவனத்தின் விமானிகள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேசும்போது தங்கள் விமானத்தை இந்தப் பெயரால்தான் குறிப்பிட்டார்கள். காரணத்தைச் சொல்லச் சற்றுச் சுற்றி வரவேண்டும்.

பல்லாவரத்தில் வளர்ந்த நான் 1986இல் இங்கிலாந்துக்கு வந்து, காட்விக் விமான நிலையத்தை ஒட்டியுள்ள குரோலி நகரில் குடியேறினேன். விமானங்களுக்கு உணவு அனுப்பும் ஒரு சமையற்கூடத்தில் எனக்கு இரவு வேலை. தட்டுகளை அடுக்கிய தள்ளுவண்டி ஒவ்வொன்றிலும் எந்த நிறுவனத்துக்குப் போகிறது என்பதைக் காட்டும் ஈரெழுத்து அட்டை ஒன்றைச் செருகவேண்டும். பிரிட்டிஷ் கலிடோனியனுக்கு ‘பி.ஆர்.’, டான்-ஏருக்கு ‘டி.ஏ.’. லாகோஸுக்கும் ஹூஸ்டனுக்கும் போகும் விமானங்கள் எனக்கு முதலில் அட்டைகளாகத்தான் அறிமுகமாயின. வேலை முடிந்து விடியற்காலையில் பேருந்துக்கு நிற்கும்போதுதான், அந்த அட்டைக்கு உரிய விமானம் வாலில் சிங்கம் பொறித்துக்கொண்டு தலைக்கு மேல் ஏறுவதைப் பார்ப்பேன்.

என்னுடன் வேலை செய்த வயதான ஆங்கிலேயர் ஒருவர் அதற்கு முன், இன்னொரு விமான நிலையம் உள்ள லூட்டன் நகரில் இருந்தவர். விமானங்களுக்கு இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, ஊதா, நீலப்பச்சை என்று மிட்டாய் நிறங்களைப் பூசிப் பறக்கவிட்ட கோர்ட் லைன் நிறுவனம் 1974 ஆகஸ்டில், கோடை விடுமுறையின் நடுவே, கவிழ்ந்ததை நேரில் பார்த்தவர். அவர்தான் தன்னுடைய பழைய ரேடியோ பெட்டியைப் பதினைந்து பவுண்டுக்கு எனக்குத் தந்தார். வழக்கமான எஃப்.எம். அலைவரிசை 108 மெகாஹெர்ட்ஸில் முடிந்துவிடும். அந்தப் பெட்டியின் முள் அதையும் தாண்டிப் போகும். 118க்கு மேலே திருகினால், வறுசட்டியில் கடுகு வெடிப்பதுபோன்ற இரைச்சலுக்கு நடுவே மனிதக் குரல்கள் கேட்கும். இங்கிலாந்தின் சட்டப்படி பார்த்தால் பொதுமக்கள் இதைக் கேட்கக்கூடாது. ஆனால் பெட்டிகளைக் கடைகளில் வெளிப்படையாக விற்றார்கள், விமான நிலையத்தின் பார்வையாளர் மாடத்தில் காதில் கருவியோடு நின்றவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

விமானத்தின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயரும் ரேடியோவில் ஒலிக்கும் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை அந்தப் பெட்டிதான் எனக்குக் கற்பித்தது. ஒரே அலைவரிசையில் பல விமானிகள் மாறி மாறிப் பேசும்போது, ஒருவருக்குச் சொன்ன உயரத்தை இன்னொருவர் தனக்கென்று எடுத்துக்கொண்டால் விபரீதமாகிவிடும். அதனால் இரைச்சலிலும் குழப்பமில்லாமல் காதில் விழக்கூடிய ஒரு சொல்லை ஒவ்வொரு நிறுவனமும் பதிவு செய்துகொள்கிறது. அந்தச் சொல்லை அடுத்துப் பறப்பு எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வார்கள். அதிலும் ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும் ஒன்பதை ‘நைனர்’ என்றும் உச்சரிக்கவேண்டும் என்பது விதி. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த எனக்கு, இங்கிலாந்தில் எல்லாரும் ஒரே மாதிரி பேச முயன்ற ஆங்கிலம் அது ஒன்றுதான் என்று தோன்றியது.

அந்த அலைவரிசையில் ‘கலிடோனியன்’ என்பது நீளமான சொல். அவசரமான நேரத்தில் இத்தனை அசைகளைச் சொல்வது வீண் என்று சிக்கனக்காரர்கள் நினைக்கலாம். ஆனால் ஸ்காட்லாந்துக்கு ரோமானியர் வைத்த பெயரிலிருந்து வந்த அந்தச் சொல்லை, அந்த மண்ணிலேயே பிறந்த ஒரு விமானி சொல்லும்போது நடுவில் வரும் ‘டோ’ சற்றே உருண்டு ஒலிக்கும். கட்டுப்பாட்டாளரும் அதே நிதானத்தில் திருப்பிச் சொல்வார். ஆடம் தாம்சன் 1961இல் தொடங்கிய சிறு வாடகை விமான நிறுவனம் 1970இல் தன்னைவிடப் பெரிய பிரிட்டிஷ் யுனைட்டெட் நிறுவனத்தை வாங்கியே வளர்ந்தது. பணிப்பெண்களுக்குக் கட்டம் போட்ட ஸ்காட்லாந்துத் துணியில் சீருடை, வாலில் சிங்கம், காதில் அந்தப் பெயர் என்று எல்லாவற்றையும் ஒரே சுருதியில் சேர்த்து வைத்திருந்தார்கள்.

1987 டிசம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 250 மில்லியன் பவுண்டுக்கு அதை வாங்கியது. அடுத்த ஆண்டில் சிங்கம் போட்ட வால்கள் ஒவ்வொன்றாக வண்ணம் மாறின. எங்கள் கூடத்தில் ‘பி.ஆர்.’ அட்டைகளைப் பெட்டியோடு குப்பைக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து ஒன்றை எடுத்து நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

விசித்திரம் என்னவென்றால், அதே 1988இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் விடுமுறைப் பயண நிறுவனமான பிரிட்டிஷ் ஏர்டூர்ஸுக்குக் கலிடோனியன் ஏர்வேஸ் என்று பெயர் மாற்றி, வாலில் சிங்கத்தையும் வரைந்துவிட்டது. ஒரு காலை நான் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது பெட்டியிலிருந்து ‘கலிடோனியன்’ என்று கேட்டது. நுரையோடு ஜன்னலுக்கு ஓடினேன். அது ஸ்பெயின் கடற்கரைக்கு விடுமுறைக் கூட்டத்தை ஏற்றிப் போன விமானம். இறந்தவரின் சட்டையை வேறொருவர் போட்டுக்கொண்டு தெருவில் போவதைப் பார்த்ததுபோல இருந்தது. ஆனாலும் கேட்கப் பிடித்திருந்தது. பின்னர் அந்த நிறுவனம் கைமாறி, வேறொன்றோடு இணைந்து, 2000இல் ஜே.எம்.சி. ஆனபோது பெயர் உண்மையாகவே போய்விட்டது.

டான்-ஏரின் முடிவு இன்னும் சோகமானது. டேவிஸ் அண்ட் நியூமன் என்ற கப்பல் தரகு நிறுவனத்தின் முதலெழுத்துகள்தான் அந்த ‘டான்’. உலகத்தின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட்டை மற்ற எல்லாரும் கைவிட்ட பிறகும் ஓட்டிக்கொண்டிருந்து, 1980 நவம்பரில் அதன் கடைசி வணிகப் பறப்பைக் காட்விக்கிலிருந்து நடத்தியவர்கள் அவர்கள்தாம். 1992இல் அந்த நிறுவனத்தைக் கடன்களோடு சேர்த்து ஒரு பவுண்டு என்ற பெயரளவு விலைக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் எடுத்துக்கொண்டது. எங்கள் கேண்டீனில் அன்று ஒரு தேநீரும் பன்னும் அதைவிட அதிக விலை.

பாக்கிப் பெயர்களில் சில வேடிக்கையானவை. ஏர் 2000 நிறுவனம், உல்லாசமாக ஊர் சுற்றும் பணக்காரர்களைக் குறிக்கும் ‘ஜெட்செட்’ என்ற சொல்லால் தன்னை அழைத்துக்கொண்டது. உள்ளே இருந்தவர்களோ கைக்குழந்தைகளோடு ஸ்பெயினின் மயோர்கா தீவுக்குப் போகும் குடும்பங்கள். ஏர் யூ.கே. ‘யூக்கே’ என்றது. பி.எம்.ஐ.பேபி விமானிகள், முரட்டுக் குரல்காரர்கள் உட்பட, ‘பேபி’ என்றே சொல்லியாகவேண்டும். ‘கெஸ்ட்ரல்’ என்ற வல்லூறு இனப் பறவையின் பெயர் ஏர்டூர்ஸ், மைடிராவல், தாமஸ் குக் என்று மூன்று நிறுவனப் பெயர்களைக் கடந்து வந்து, 2019 செப்டம்பர் 23 அன்று, சுமார் ஒன்றரை லட்சம் பயணிகள் வெளிநாடுகளில் இருக்கும்போதே ஓய்ந்தது. ஃப்ளைபீயின் ‘ஜெர்சி’யை அதன் பயணிகளில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? ஜெர்சி தீவில் ஜெர்சி யூரோப்பியன் என்ற பெயரில் தொடங்கியது என்பதன் ஒரே மிச்சம் அது. விளம்பரக்காரர்கள் விமானத்தின் மேலிருந்து எல்லாவற்றையும் மாற்றினார்கள், ரேடியோவுக்குள் மட்டும் அவர்கள் கை எட்டவில்லை. 2020 மார்ச்சில் நிறுவனம் நின்றபோது ‘ஜெர்சி’யும் நின்றது.

நிறுவனம் போன பின்னும் பிழைத்திருக்கும் பெயர்களில் மூத்தது ‘ஸ்பீட்பேர்ட்’. 1932இல் இம்பீரியல் ஏர்வேஸுக்காகத் தியர் லீ-எலியட் வரைந்த பறவைச் சின்னத்தின் பெயர் அது. அதன் வாரிசாக வந்த அரசு நிறுவனமான பி.ஓ.ஏ.சி. அதை அழைப்புப் பெயராக்கியது. 1974இல் பி.ஓ.ஏ.சி.யும் ஐரோப்பியச் சேவைகளை நடத்திய பி.இ.ஏ.வும் இணைந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆனபோது பி.இ.ஏ.வின் ‘பீலைன்’ வழக்கொழிந்தது, ‘ஸ்பீட்பேர்ட்’ தங்கிவிட்டது. 1982 ஜூனில் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்து நான்கு இயந்திரங்களும் நின்றுபோன ‘ஸ்பீட்பேர்ட் 9’, பம்பாய், சென்னை, கோலாலம்பூர் வழியாக ஆக்லாந்து வரை போகும் சேவை. நான்கும் நின்றுவிட்டன என்று விமானி சொன்னதை ஜகார்த்தா கட்டுப்பாட்டாளர் நான்காம் எண் இயந்திரம் நின்றதாக முதலில் புரிந்துகொண்டாராம். பெயரைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். நம்பமுடியாத செய்தியை இரைச்சலில் நம்பவைப்பது கடினம். இயந்திரங்களை மீண்டும் இயக்கி ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கினார்கள்.

என் பெட்டி இன்னமும் சமையலறை ஜன்னலோரத்தில் இருக்கிறது. மின்கலம் கசிந்து ஒருமுறை கெட்டு, பழுதுபார்த்த பின் ஓடுகிறது. சட்டைப் பையில் போட்டு வந்த அந்த அட்டையை அதன் முதுகில் ஒட்டியிருக்கிறேன். ஈரெழுத்துக் குறியீடுகள் சும்மா கிடப்பதில்லை, ஒருவர் விட்டதை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள், ‘பி.ஆர்.’ இப்போது தைவானின் ஈவா ஏருக்கு உரியது. அலுவலக வேலையாகத் தைப்பே போய்வந்த என் மகள் சென்ற மாதம் பெட்டியைத் துடைக்கும்போது அட்டையைப் பார்த்துவிட்டு, “அப்பா, நீங்க எப்போ தைவான் போனீங்க?” என்று கேட்டாள்.