சைலன்சர் சூட்டில் ரீஃபர் ஓடுமா?

கேள்வி: நெல்லூரிலிருந்து உறைந்த இறாலைச் சொந்த ரீஃபர் (குளிர்பெட்டி) டிரெய்லரில் ராயபுரம் கோல்டு ஸ்டோரேஜுக்குக் கொண்டுவருகிறோம். பெட்டியின் தனி டீசல் என்ஜின் மணிக்கு 2, 3 லிட்டர் குடிக்கிறது. லாரி சைலன்சரில் வீணாகும் சூட்டை வைத்துப் பெட்டியைக் குளிர வைக்க முடியாதா?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: வண்டி ஓடும்வரை முடியும். எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு போகிறது. ஹைவேயில் மணிக்கு 15 லிட்டர் எரிந்தால் மொத்தம் 150 கிலோவாட், புகையில் 50. வெப்பமாற்றி அதில் பாதியைப் பிடித்தாலே பெரிது. சூட்டால் அம்மோனியாவைத் தண்ணீர்க் கரைசலிலிருந்து பிரித்துக் குளிர் உண்டாக்கும் அம்மோனியா-தண்ணீர் குளிர்ப்பொறி மைனஸ் 20-க்கு இறங்கும்போது 1 கிலோவாட் சூட்டுக்குச் சுமார் 0.4 கிலோவாட் குளிர்தான் தரும். ஆக, கையில் 10 கிலோவாட். மூடிய 40 அடிப் பெட்டியை மைனஸ் 18-ல் வைத்திருக்க 4, 5 போதும்.

சிக்கல் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில்தான். கண்டெய்னர் வரிசையில் மாட்டி ஐடிலிங்கில் நிற்கும் என்ஜின் மணிக்கு 2 லிட்டர் அளவில்தான் எரிக்கும். புகை 150 டிகிரிக்குக் கீழே ஆறிவிடும். அந்தச் சூட்டில் அம்மோனியா கரைசலை விட்டுச் சரியாகப் பிரியாது. மண்டை பிளக்கும் வெயிலில் பெட்டிக்குக் குளிர் கிடைக்காது.

அதற்கு யூடெக்டிக் தட்டுகள் வேண்டும், அதாவது உள்ளே உறைந்த உப்புக்கரைசல் உருகும்போது குளிர் தரும் தட்டுகள். 6 மணி நேரத்துக்கு 4 கிலோவாட் என்றால் 24 யூனிட் குளிர்; உப்புக்கரைசல் மட்டுமே சுமார் 370 கிலோ. அவ்வளவு சரக்கு குறையும். தட்டுகளை முந்தின ராத்திரியே நெல்லூரில் கரண்டில் உறைய வைத்துவிடுங்கள்.

பிஎஸ்-6 வண்டியில் வெப்பமாற்றியை எஸ்சிஆருக்கு (யூரியா தெளித்துப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்) பின்னால்தான் பொருத்த வேண்டும். முன்னால் போட்டால் கேட்டலிஸ்ட் ஆறி, யூரியா கட்டிதட்டி அடைத்துக்கொள்ளும். கரி படிந்தால் பேக் பிரஷர் (புகை வெளியேறுவதற்கான தடை) ஏறி, மிச்சம் பிடித்த டீசல் அதிலேயே போய்விடும். புகையை வெப்பமாற்றிக்குள் விடாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வும் சுத்தம் செய்யக் கதவும் கட்டாயம். அம்மோனியா ஓடும் இடத்தில் செம்பு, பித்தளை எதுவும் கூடாது, அரித்துவிடும், எல்லாம் ஸ்டீல். கட்டட ஏசிக்கான லித்தியம் புரோமைடு மெஷினை யாராவது மலிவாகக் காட்டினால் வாங்காதீர்கள். அதில் குளிரூட்டுவதே தண்ணீர். பூஜ்யத்துக்குக் கீழே போகாது.

கேள்வி: கப்பல் கம்பெனி ரீஃபர் கண்டெய்னரில் இதைச் செய்யலாமா?
— வாசகர், மணலி

பதில்: ஆகாது. அந்தப் பெட்டி த்ரீ-பேஸ் கரண்டில் ஓடுவது. பிறத்தியார் பெட்டியில் கை வைக்கவும் விடமாட்டார்கள்.